பந்தயமில்லாத மாதங்களில் தேகப் பயிற்சி
(கம்பம் பள்ளத்தாக்கின் கிராம இளைஞர் சங்கங்களில் படிப்பதற்குரிய பிரசங்கம்)



தேனியிலிருந்து கூடலூர் வரையில் சாலையின் இரு மருங்கிலுமுள்ள கிராமங்களில் சடுகுடு ஆடாத ஊரைக் காண்பது அரிது. தைப் பொங்கல் நெருங்கியதும் களம் துப்புரவாகிறது, கோடு கிழிக்கப்படுகிறது, இரவு ஆட்டத்திற்கு விளக்குகள் கட்டப்படுகின்றன. மாசி முதல் வைகாசி வரை கோயில் திருவிழாக்களையொட்டி ஊருக்கு ஊர் பந்தயம் நடைபெறுகிறது. பெரியகுளத்தில் மே மாதத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பல மாகாணங்களின் சிறந்த குழுக்கள் வந்து ஆடுகின்றன. ஆனி பிறந்ததும் இந்த ஆரவாரமெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அதன் பின் மார்கழி முடிய ஏழு மாதங்கள் உள்ளன. இந்த ஏழு மாதங்களைப் பெரும்பாலான ஆட்டக்காரர் ஒரு கணக்கிலும் சேர்ப்பதில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று விழித்துக்கொண்டு, காலையும் மாலையும் மூச்சு முட்ட ஓடுகிறார்கள். பத்து நாளில் உடல் தேறுவதில்லை, களைத்துத்தான் போகிறது. களைத்த உடலோடு களத்தில் இறங்குகிறவனுக்கு முதலாட்டத்திலேயே தொடைத் தசை பிடிக்கிறது, கணுக்கால் பிசகுகிறது, முழங்கால் கெடுகிறது. ஆட்டத்தில் செலவழிக்க வேண்டிய வலிமையை ஆட்டமில்லாத மாதங்களில் சேமித்து வைத்தல் வேண்டும் என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

முழங்கால் கெட்டால் வரும் நஷ்டம்

சடுகுடில் பாடிச் செல்கிறவன் ஓடும் வேகத்தில் ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்புகிறான். அந்நேரத்தில் எதிரணியார் தொடையையோ கணுக்காலையோ பற்றி இழுக்கின்றனர். பாதம் தரையில் ஊன்றியபடியிருக்க உடல் மட்டும் முறுக்கிக்கொள்ளும்போது, தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைத்து நிற்கும் கட்டு அறுந்துபோகலாம். ஊரார் ‘ஜவ்வு கிழிந்தது’ என்று கூறுவது இதனையே. இதற்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர் மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதமாவது ஆகுமென்று வைத்தியர்கள் கூறுகின்றனர்.

நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது வருத்தமாக முடியும். தினக்கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைக்கோ இது கடனாக முடிகிறது. ஒன்பது மாதம் மூட்டை சுமக்க முடியாது. வரப்பில் நடக்க முடியாது. மலைத் தோட்டத்துக்கு ஏற முடியாது. மற்றொரு நஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகங்களில் தகுதி பெற்ற விளையாட்டு வீரருக்கென 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பையனொருவன் அவ்வழியே முன்னேற வாய்ப்புண்டு. ஒரு நாள் அவசரத்தில் கெட்ட முழங்கால் அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது.

வீங்கிய முழங்காலை எண்ணெயிட்டு உருவி விடுதலும், வலியோடு அடுத்த ஆட்டம் ஆடுதலும் பெருந்தீங்கு. அடிபட்டவனைத் தாமதமின்றி எலும்பு வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். க.விலக்கில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இதற்காகவே அருகில் இருக்கிறது.

வயல் வேலையே போதாதா?

“மண்வெட்டி பிடித்து உழைக்கிறவனுக்குத் தனியாகத் தேகப் பயிற்சி எதற்கு?” என்று பெரியோர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. இதற்குத் தக்க விடை கூறுதல் கடமை.

உழைப்பு உடலுக்குத் தாங்கும் சக்தியைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு வேலையும் உடலின் சில பாகங்களையே பழக்குகிறது. திராட்சைப் பந்தலின் கீழ் வேலை செய்கிறவர் நாள் முழுதும் கைகளை மேலே தூக்கிக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தே நிற்கிறார். தோள் இறுகுகிறது, காலுக்கு வேலையில்லை. நாற்று நடுகிறவர் முதுகை வளைத்தபடியே இருக்கிறார். சின்னமனூர்ப் பக்கத்தில் வாழைத்தார் சுமக்கிறவர் வழக்கமான ஒரு தோளிலேயே சுமக்கிறார்; மறு பக்கம் பின்தங்குகிறது. போடி மலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவருக்கு மூச்சும் முழங்காலும் நன்கு பழகுகின்றன; ஆயினும் அவர் வேகமாக ஓடி நிற்பதில்லை, குதிப்பதில்லை.

இன்னுமொரு குறை யாதெனில், வேலையில் பளு கூடுவதில்லை. பத்து வருஷம் முன்னர் சுமந்த அதே மூட்டையைத்தான் இன்றும் சுமக்கிறோம். அந்தப் பளுவுக்குப் போதுமான வலிமை வந்தவுடன் உடல் அவ்வளவோடு நின்றுவிடுகிறது. சடுகுடு ஆட்டமோ வேறு விதமானது. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், ஒரு பாட்டுக்கு 30 விநாடி என்ற விதியின்படி, இருபது இருபது நிமிஷமாக இரு பாதிகள் ஆட வேண்டும். ஒவ்வொரு பாட்டும் பாய்தல், நிற்றல், திரும்புதல், எதிராளியை இழுத்துக்கொண்டு கோட்டை எட்டுதல் ஆகியவை சேர்ந்த திடீர் முயற்சியாகும். வயல் வேலை இதற்கு நல்ல அஸ்திவாரம். அதன் மேல் சுவர் எழுப்புவது தனிப் பயிற்சியே.

வலிமை வளரும் விதம்

நமது பக்கத்து ஊர்களில் மந்தையிலோ சாவடியிலோ இளவட்டக்கல் கிடப்பதைக் காணலாம். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னே போடுகிறவனே ஆண்மகன் என்று முற்காலத்தில் மதிக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலின்போது இக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது, சிறிதும் பெரிதுமாகப் பல எடையுள்ள கற்கள் வைக்கப்படுகின்றன, பெண்களும் கலந்துகொள்கின்றனர். வழக்கம் சிறந்ததே. ஆனால் பெரிய கல்லைத் தூக்குவது பரீட்சை. பாடம் படியாமல் பரீட்சைக்குப் போகிறவன் கதிதான், பயிற்சியின்றி இளவட்டக்கல்லில் கை வைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவனுக்கும் நேருகிறது.

பாடம் என்பது சிறிய கல்லிலிருந்து பெரிய கல்லுக்குப் படிப்படியாகச் செல்லுதல். இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், காயமுற்ற சிப்பாய்களின் மெலிந்த கால்களைத் தேற்றுவதற்கு, பளுவைச் சிறிது சிறிதாக ஏற்றித் தூக்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டார். 1945-ஆம் ஆண்டில் அதன் பலனை எழுதி வெளியிட்டார். அதுமுதல் இம்முறை உலகெங்கும் பரவிற்று. சோவியத் நாட்டு லெவ் மத்வேயெவ் என்பவர் 1960-களில் ஆட்டக்காரரின் வருஷத்தை ஆயத்தக் காலம், பந்தயக் காலம், மாறுகாலம் என மூன்றாக வகுத்துக் காட்டினார். சம்சாரிக்கு இது புதிதன்று. கோடையில் உழுது புழுதியாக்கிய நிலமே மழையை ஏற்கும் என்பதை அவர் அறிவார்.

பளு தூக்கிய நேரத்தில் தசை சற்றே தேய்கிறது. பின்னர் ஆகாரத்தாலும் நித்திரையாலும் முன்னிலும் பலமாகக் கட்டப்படுகிறது. முதல் சில வாரங்களில் தோன்றும் முன்னேற்றம் நரம்பு மண்டலம் பழகுவதால் வருவது. தசை பருத்து வளர்வது அதன் பிறகு. தசையை எலும்போடு சேர்க்கும் நார்கள் தசையினும் மெதுவாகவே உறுதிப்படும். ஆகவேதான் பத்து நாள் பயிற்சி பயன்படாது. மாதக் கணக்கில் செய்தல் அவசியம். சேர்த்த வலிமையைக் காப்பதற்கு அவ்வளவு பிரயாசை வேண்டுவதில்லை. பந்தயக் காலத்தில் வாரம் ஒரு முறையோ இரு முறையோ பளுப் பயிற்சி செய்தால் போதுமானது. ஓட்டத்தால் வரும் மூச்சுச் சக்தியோ சில வாரங்கள் விட்டாலே குறையத் தொடங்கும்.

மாத வாரியான ஏற்பாடு

ஆனி: மாறுகாலம். முதல் மூன்று வாரம் ஆட்டமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். பந்தயக் காலத்தில் பட்ட அடிகள் ஆறட்டும். நடத்தல், ஆழமறிந்த இடத்தில் துணையோடு நீந்துதல் போன்ற இலேசான முயற்சிகள் போதும். பழைய வலியுள்ளவர் வைத்தியரைக் காண்பதற்கு இதுவே சமயம்.

ஆடி, ஆவணி: அஸ்திவாரம். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பயிற்சி செய்க. ஒவ்வொரு பயிற்சியையும் 10 முதல் 12 தடவை செய்வது ஒரு சுற்று. அத்தகைய மூன்று சுற்றுகள் செய்தல் வேண்டும். பளு குறைவாயிருப்பினும் முறை பிசகலாகாது. முல்லைப் பெரியாற்று நீர் திறந்து முதற்போகம் நடைபெறும் பருவமாதலின், வயலில் முதுகொடிய வேலை செய்த நாளில் சுற்றுகளைப் பாதியாகக் குறைத்துக் கொள்க. உழைப்பும் பளுவே; அதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசி: பளுக் காலம். இப்போது பளுவை உயர்த்தித் தடவைகளை 4 முதல் 6 வரையாகக் குறைத்து, சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிஷம் இளைப்பாறுதல் வேண்டும். மழைக் காலமாதலின் களம் சேறாகும். ஒரு கொட்டகை இருந்தால் இப்பயிற்சிக்குப் போதுமானது.

கார்த்திகை, மார்கழி: வேகக் காலம். வலிமை வேகமாக மாற வேண்டிய பருவம். குதித்து மென்மையாக இறங்குதல், 10 அல்லது 15 மீட்டர் விரைந்தோடி நிற்றல், திசை மாறுதல், 30 விநாடி முழு முயற்சியும் அதனினும் நீண்ட ஓய்வுமாக மாறிமாறிச் செய்தல் ஆகியவற்றைப் பழகுக. குதித்து இறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்கால் உள்வளையாமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று கூட்டாளி ஒருவர் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். மார்கழிக் கடைசி இரு வாரங்களில் அளவைப் பாதியாக்கி, உடலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுதல் முறை.

நாலு வாரத்துக்கு ஒரு வாரம் பளுவையும் சுற்றையும் குறைத்துக்கொள்ளுதல் எல்லா மாதங்களுக்கும் பொது விதி. முதலமைச்சர் கோப்பை முதலிய போட்டிகளில் கலந்துகொள்கிறவர், தமது போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி இம்மாதங்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

உபகரணமும் பயிற்சிகளும்

பட்டணத்து இயந்திரங்கள் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. நல்ல சாக்குகள் சில, உலர்ந்த மணல், கயிறு, தொங்குவதற்கு உறுதியான ஒரு கம்பி, ஒரு ஜோடி கர்லாக்கட்டை இவையே போதும். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய உலர்ந்த மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. சாக்கில் எத்தனை பாத்திரம் கொட்டினோமென்று எழுதி வைத்தால் பளுவின் அளவு தெரிந்துவிடும். குறித்த தடவைகளுக்கு மேல் இரண்டு தடவை எளிதாகச் செய்ய முடிந்தால், அடுத்த வாரம் ஒரு பாத்திரம் மணல் சேர்க்கலாம். முடியாவிட்டால் சேர்க்கலாகாது. தோழன் தூக்குகிறானே என்று சேர்ப்பது மடமை.

மூட்டையைத் தோளிலோ மார்பிலோ தாங்கிப் பஸ்கி எடுத்தல் தொடைக்கும் இடுப்புக்கும் உரியது. ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்தெழுதல் இரு கால்களையும் சமப்படுத்தும். தரையிலிருந்து மூட்டையை முதுகு வளையாமல் இடுப்பை மடித்துத் தூக்குதல் முதுகின் அடிப்பாகத்தைக் காக்கும். தண்டால் மார்புக்கும், கம்பியில் தொங்கி எழுதல் பிடிக்கும் கைகளுக்கும், கர்லா சுழற்றல் தோளின் இயக்கத்துக்கும் உதவும். கைக்கொன்றாக இரு மூட்டைகளைப் பிடித்து ஐம்பதடி நடத்தல் பிடிகாரருக்கு மிகவும் பிரயோஜனமானது.

பின்தொடைக்கென ஒரு பயிற்சியை எவரும் விடலாகாது. கூட்டாளி ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்திருக்க, முழந்தாளிட்டு நிமிர்ந்து, இடுப்பு மடங்காமல் உடலை மெல்ல முன்னே சாய்த்து, இயன்றவரை விழாமல் தாங்கி, முடிவில் கைகளைத் தரையில் ஊன்ற வேண்டும். இதனை இடைவிடாது செய்துவந்த ஆட்டக்காரருக்குப் பின்தொடைத் தசை கிழிவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இதற்கு ஒரு காசு செலவில்லை. முதல் வாரத்தில் நான்கைந்து தடவைக்கு மேல் செய்யாதிருத்தல் நலம், ஏனெனில் மறுநாள் வலி கடுமையாயிருக்கும்.

ஆகாரம், நித்திரை, மருந்து

60 கிலோ எடையுள்ள வாலிபன் இப்பயிற்சியைச் செய்யுங்கால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிராம் புரதச் சத்து வேண்டும். சோறும் இரசமும் மாத்திரம் இதனைத் தாரா. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராமும், 100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராமும் இச்சத்து உண்டு. கேழ்வரகுக் கூழ், உளுந்தங்களி, பயறு, மீன் இவை எல்லாம் நம் கைக்கெட்டியவையே. விலையுயர்ந்த மாவு டப்பாவைக் கடன் வாங்கி உண்ண வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

நித்திரை எட்டு மணி நேரம் வேண்டும். பாதி இரவு கைபேசியில் விழித்திருந்து விடியற்காலையில் பளு தூக்குகிறவன் சேமிப்பதைவிட எடுப்பதே அதிகம். பங்குனி, சித்திரை வெயிலில் ஆடத் தொடங்குவோர் ஒரு வாரம் இரு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழகி, தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துதல் வேண்டும். வெயிலில் ஒருவர் நிலை தடுமாறிப் பிதற்றினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புக.

விரைவில் உடல் பருக்குமென்று சிலர் ஊசியும் மாத்திரையும் விற்கத் திரிவர். அவை இருதயத்தையும் ஈரலையும் கெடுப்பன. 2022-ஆம் ஆண்டில் ஊக்கமருந்துத் தடுப்புக்கென இந்தியாவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சோதனையில் அகப்பட்டவர் பல ஆண்டுகள் ஆடமுடியாமற் போகும். உடலும் போய், பெயரும் போவதற்குப் பணம் கொடுப்பார் உண்டோ?

பெண்மக்கள்

பளு தூக்கினால் பெண்களின் உடல் கெட்டுவிடுமென்பது ஆதாரமற்ற பயம். முழங்கால் கட்டு அறுபடும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாதலால் இப்பயிற்சி அவர்களுக்கு இன்னும் அவசியமாகிறது. ஆசிய விளையாட்டு விழாவில் ஆடவர் சடுகுடு 1990-ஆம் ஆண்டிலும் மகளிர் சடுகுடு 2010-ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் குழுவில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். நம் ஊர்ப் பெண்மக்களுக்கும் இடமும் நேரமும் ஒதுக்கித் தருதல் ஊராரின் பொறுப்பு. இரத்தச் சோகை உள்ளவரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

சங்கமாகச் சேர்தல்

தனியே தொடங்கியவர் ஆவணிக்குள் விட்டுவிடுவது கண்கூடு. பலர் சேர்ந்து தொடங்கியது நிலைக்கும். ஒரு கிராமத்தில் இருபத்தைந்து பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 40 ரூபாய் செலுத்தினால், மாதம் 1,000 ரூபாயும் ஏழு மாதத்தில் 7,000 ரூபாயும் சேரும். சாக்கு, கயிறு, கம்பி, கர்லா, முதலுதவிப் பெட்டி இவற்றிற்கு ஒருவரிடமும் கையேந்தாமல் செலவழிக்கலாம். சந்தா செலுத்த இயலாதவர் களத்தைச் சமப்படுத்தியும் மணல் சுமந்தும் தம் பங்கைச் செலுத்தட்டும். அவர்களும் சம அங்கத்தினரே. களம் எல்லாத் தெருவினருக்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். ஒரு தெருவாருக்கு மாத்திரம் திறந்த சங்கம் ஊர்ச் சங்கமாகாது.

சங்கத்துக்கு இரண்டு புத்தகம் வேண்டும். ஒன்று வரவு செலவுக் கணக்கு. மற்றொன்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் எந்நாளில் எவ்வளவு பளுவை எத்தனை தடவை தூக்கினர், எங்கே வலித்தது என்பதைக் குறிக்கும் பதிவேடு. முதற் புத்தகம் பணம் வீணாகாமல் காக்கும். இரண்டாவது உடல் வீணாகாமல் காக்கும். முறையறிந்த தேகப்பயிற்சி ஆசிரியர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே இருக்கிறார்கள். 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய காலமுதல் இத்தகைய ஆசிரியர் பயின்று வந்திருக்கின்றனர். மாதம் ஒரு நாள் அவரை அழைத்து, செய்யும் முறை சரிதானா என்று பார்க்கச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.

வாலிபர்களே! கோப்பை ஓர் அணிக்கே கிடைக்கும். உறுதியான முழங்காலும் நிமிர்ந்த முதுகும் பயிற்சி செய்த எல்லோருக்கும் கிடைக்கும். ஆட்டம் ஓய்ந்த பின்னும், நாற்பது ஐம்பது வயதில் வயலிலும் தோட்டத்திலும் அவை உதவும். ஆதலின், வைகாசியில் கடைசிப் பந்தயம் முடிந்ததும் கலைந்து போகாமல், களத்திலேயே அமர்ந்து அங்கத்தினர் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதச் சந்தாவையும் அன்றே வசூலித்துவிடுங்கள். ஆடி முதல் வாரத்தில் சாக்குகளில் மணல் நிரம்பியிருக்கட்டும்.